துண்டுக்கு மேல படம், துண்டுக்கு அடியில சேதி

ஏ தாயி, நீ அனுப்புன படம் வந்து சேந்துச்சு. ஒரு கண்ணாடி டம்ளரு, அதுல முக்காவாசி காப்பி, மேல கொஞ்சம் ஆவி, பின்னால சன்னலு. கீழ எழுதியிருக்க: ‘என் தனிமைக்கு நானே தரும் ஒரு மிடறு.’ இந்த வாரத் தலைப்பு ‘தனிமை’யாம்ல.

உங்க ஆச்சிகிட்டயும் காட்டுனேன். மூக்குக்கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு, செல்ல மூஞ்சிக்கிட்டக் கொண்டுபோயி, ஆற அமரப் பாத்தா. பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா: “ஏன் டிக்காசன் இம்புட்டுத் தண்ணியா இருக்கு? பிள்ள சரியாச் சாப்புடுதாளா இல்லையா?” உன் சேக்காளிக அம்புட்டுப் பேரும் இதயத்த அள்ளி வீசியிருக்காக. அந்தக் காப்பியப் பத்தி நெசமாக் கேள்வி கேட்டது கண்ணு மங்கிப்போன கெழவி ஒருத்திதான்.

வாரம் ஒரு தலைப்பு, ஞாயித்துக்கிழமை ராத்திரி சொல்லுவாக, அடுத்த சனிக்குள்ள ஒரு படம் எடுத்து நாலு வரி எழுதணும், வருசத்துக்கு 52 படம்னு போன்ல சொன்ன. நல்ல பழக்கந்தான். சும்மா செல்லத் தேச்சுக்கிட்டுக் கெடக்கதுக்கு இது எவ்வளவோ தேவல. அதோட விட்டிருந்தா நானும் ‘அருமை’ன்னு ஒரு வார்த்தை தட்டி அனுப்பிட்டு வெத்தல போடப் போயிருப்பேன். ‘தாத்தா, நீங்க ஸ்டூடியோவுல வேல பாத்தவங்கல்ல, உங்க அபிப்பிராயத்தச் சொல்லுங்க’ன்னு கேட்டுப்புட்ட. கெழவன்கிட்ட அபிப்பிராயம் கேட்டா லேசுல முடியாதுன்னு உங்கப்பன் உனக்குச் சொல்லித் தரல போல.

சரி, கேட்டுக்கோ.

உங்க கூட்டத்துப் படத்தையெல்லாம் நீ காட்டுன வரைக்கும் பாத்துட்டேன். ‘பயணம்’னு தலைப்பு வந்தா எல்லாரும் தண்டவாளத்துக்குப் போயிருதாக. ரெண்டு கம்பியும் தூரத்துல ஒண்ணு சேருற மாதிரி ஒரு படம். தண்டவாளத்துல ஏறி நிக்கது குத்தம்னு ஸ்டேசன்லயே எழுதிப் போட்டிருக்கு. இருந்தாலும் ‘பயணம்’னு தலைப்பு வந்துருச்சே, என்ன செய்ய! ‘சிவப்பு’ன்னா ரோசாப்பூ. ‘காத்திருப்பு’ன்னா ஆளில்லாத பெஞ்சு. ஆளே இல்லாத பெஞ்சுல யாரு தாயி காத்திருக்கா? ‘நம்பிக்கை’ன்னா சுவத்து வெடிப்புல மொளச்ச அரசங்கன்னு. ஊருல அதப் பாத்தா வேரோட புடுங்கி எறிவோம். விட்டா ரெண்டு மழைக்குள்ள வேரு உள்ள எறங்கிச் செவரப் பொளந்துரும். நீங்க நம்பிக்கைன்னு எழுதுறத கொத்தனாரு பாத்தா, ஆமா, அவரு நம்பிக்கையோட மேஸ்திரிக்குப் போன் போடுவாரு.

‘முதுமை’ன்னு ஒரு வாரம் வந்துச்சே, அது அதவிடக் கொடும. பத்துப் படத்துல எட்டு, சுருக்கம் விழுந்த கை. அதுவும் கறுப்பு வெள்ளையில. ‘அனுபவத்தின் ரேகைகள்’னு ஒருத்தி எழுதியிருந்தா. எங் கையையும் நீ எடுத்தேல்ல, போன பொங்கலுக்கு? அதுல உள்ளது அனுபவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பாதி வெயிலு, மீதி பருத்தி மாரு புடுங்குனது. வலது பெருவிரல் நகம் கறுத்துக் கெடக்கது அச்சாணி அடிக்கப் போயி சுத்தியல் நழுவினது. அத எழுதியிருந்தா, படிக்கவன் ஒருத்தனாவது ‘ஐயையோ’ன்னு தன் விரலத் தடவிப் பாத்திருப்பான். ‘ரேகைகள்’னு எழுதுனதுனால கைரேக சோசியரு கணக்கா எல்லாரும் ‘ம்ம்’னு தலையாட்டிட்டுப் போயிட்டாக.

இப்ப உனக்கு வெவகாரம் சொல்லுதேன். எட்டயபுரத்துச் சனிக்கிழம ஆட்டுச்சந்தைக்கு சின்னப்பிள்ளையில எங்கூட வந்திருக்கேல்ல? நீங்க வாரா வாரம் கூடுறதும் அந்த மாதிரி ஒரு சந்தைதான். அவனவன் வளத்தத அவனவன் கொண்டாரணும். இப்ப நீங்க பண்ணுதது என்னன்னா, சந்தைக்குள்ள நொழஞ்சு, அடுத்தவன் ஆட்ட வாங்கி, கழுத்துக் கயித்த மாத்திக் கட்டி, அதே சந்தையில விக்கது. தண்டவாளமும் ரோசாப்பூவும் ஊரு ஆடு. உன் பட்டி ஆடு எங்கங்கதுதான் எங் கேள்வி.

அதே சந்தையில இன்னொண்ணு பாத்திருப்ப. வேவாரம் நடக்கயில ரெண்டு பேரு எதுத்தாப்புல நின்னு கை குடுத்துக்கிட்டு, மேல ஒரு துண்டப் போட்டு மூடியிருப்பாக. வாய் பேசாது. துண்டுக்கு அடியில விரலுதான் பேசும். தரகரு ரெண்டு விரலப் புடிப்பாரு, வாங்க வந்தவன் ஒண்ண உருவிக்கிருவான், இவரு மறுபடி இறுக்கிப் புடிப்பாரு. மூஞ்சியில ஒரு அசைவும் இருக்காது. ரெண்டு பேரும் மழ வருமாங்கதப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பாக. பக்கத்துல நிக்கவனுக்கு வெல தெரியாது. அதுக்குத்தான துண்டு!

இதப் போயி நீ படம் எடுத்தா என்ன விழும்? ஒரு கட்டம் போட்ட துண்டு, ரெண்டு முழங்கை, வெத்தல போட்ட வாய் ரெண்டு. அம்புட்டுத்தான் கேமராவுக்குத் தெரியும். எத்தன விரலு, எவ்வளவு வெல, எதுக்காக அந்த ஆள் ஐப்பசி பொறக்குமுன்ன ஆட்ட விக்க வந்தான், மக பேறுகாலத்துக்கா, விதைப்பருத்தி வாங்கவா, அதெல்லாம் துண்டுக்கு அடியில. படத்துக்குக் கீழ நீ எழுதுற நாலு வரி இருக்கே, அது அடியில உள்ளதச் சொல்லணும். நீங்க எல்லாரும் துண்டப் படம் புடிச்சுட்டு, கீழயும் துண்டப் பத்தியே எழுதுதீக: ‘மறைந்திருப்பதே வாழ்வின் அழகு.’ அட, வெலையச் சொல்லு தாயி!

இந்த வித்தைய எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க ஸ்டூடியோ மொதலாளி. கோவில்பட்டியில மாடிமேல இருந்த கடை. நான் அரை டவுசரோட போயிச் சேந்த எடுபிடி. தெரையத் தொங்கவிடுறது, லைட்டு ஸ்டாண்ட நகட்டுறது, வாரவுகளுக்குச் சீப்பும் பவுடரும் எடுத்துக் குடுக்குறது என் வேல. பின்னால தொங்குற தெரையில பளிங்குப் படிக்கட்டு, தூணு, தூரத்துல ஒரு குளம், குளத்துல அன்னம். கம்மங்கஞ்சி குடிச்சிட்டு வந்த சம்சாரி அந்த அரமனைக்கு முன்னால வெறப்பா நின்னு படம் எடுத்துக்கிட்டுப் போவாரு. பக்கத்துல முக்காலி மேல ஒரு டெலிபோனு வேற. ஊருலயே யாருக்கும் டெலிபோன் கெடையாது. ஒயரும் கெடையாது அதுக்கு. இன்னிக்கு நீங்க மலை மேல போயி முதுகக் காட்டிக்கிட்டு நிக்கீகளே, அதுக்கும் இதுக்கும் ஒண்ணும் பெருசா வித்தியாசமில்ல. அன்னைக்குத் தெரைய வாடகையில்லாமக் குடுத்தோம், இன்னைக்கு நீங்க பஸ்ஸுக்குக் காசு குடுத்துத் தேடிப் போறீக.

அப்ப ஆக்பா கிளிக் 3-னு ஒரு பொட்டிக் கேமரா இருந்துச்சு. பரோடாவுல செஞ்சது. ஒரு ரோலுக்கு 12 படம். அவ்வளவுதான். பெறகு ஊட்டியில அரசாங்கமே பிலிம் தொழிற்சாலை வச்சு, 1967-ல தயாரிப்பத் தொடங்கி, ‘இந்து’ன்னு பேரு போட்டு வித்துச்சு. எந்த ரோலா இருந்தாலும் எண்ணிக்கைதான். பன்னெண்டையும் எண்ணி எண்ணி எடுத்தாகணும். பொத்தான அமுக்குமுன்ன மொதலாளி ஒரு கேள்வி கேப்பாரு: “இது எதுக்கு?” காது குத்தா, பரீச்சைக்கா, பொண்ணு பாக்க அனுப்பவா? பதில் சொன்னாத்தான் அமுக்குவாரு. நீ ஒரு டம்ளருக்கு எத்தன தடவ அமுக்குனன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா ஆறிப்போன காப்பிக்குப் பதில் சொல்லணும்.

பொம்பளப்பிள்ளைகளுக்கு ஜடை தைச்சுக் கூட்டியாருவாக. தாழம்பூவும் மல்லியப்பூவும் வச்சுத் தைச்சு, இடுப்பு வரைக்கும் ஜடை தொங்கும். தைக்கதுக்கே அரை நாளாகும். அம்புட்டு வேலையும் முதுகுப்பக்கம். மூஞ்சியக் காட்டுனா ஜடை தெரியாது, ஜடையக் காட்டுனா மூஞ்சி தெரியாது. அதுக்குத்தான் ஆளுயரக் கண்ணாடி. பிள்ளையக் கொஞ்சம் சரிவா நிப்பாட்டி, பின்னால கண்ணாடிய வச்சா, முகமும் விழும், கண்ணாடிக்குள்ள ஜடையும் விழும். அந்தக் கண்ணாடியப் புடிச்சு நிப்பாட்டுறதுதான் கஷ்டம். ஒரு இம்மி கூடத் திரும்புனாலும் உள்ள லைட்டு தெரிஞ்சுரும். இன்னும் கொஞ்சம் திரும்புனா கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டுக் குனிஞ்சிருக்க மொதலாளியே தெரிஞ்சுருவாரு. நான் கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து, ரெண்டு கையாலயும் சட்டத்தப் புடிச்சிக்கிட்டு, மூச்ச அடக்கிக்கிட்டு இருப்பேன். இன்னைக்கும் இந்தப் பக்கத்து வீடுகள்ல பழைய ஜடைப் படம் மாட்டியிருந்தா, சட்டத்தோட கீழ் ஓரத்தப் பாரு. நாலு கறுத்த விரல் தெரிஞ்சா அது தாத்தாவோடதா இருக்கலாம்.

அந்த ஜடைப் படத்துக்கு யாரும் கவித எழுதல. மொதலாளி பென்சிலால உறையில எழுதுவாரு: இன்ன ஊரு, இன்னாரு மக, சடங்கு, தேதி, எத்தன காப்பி, பாக்கி எவ்வளவு. பாக்கிய மட்டும் ரெண்டு கோடு போட்டு அழுத்தமா எழுதுவாரு. நெகட்டிவ் அந்த உறைக்குள்ள போயிரும், உறை தகரப்பொட்டிக்குள்ள போயிரும்.

அதோட அருமை எப்பத் தெரியும்னா, ஊருல சாவு விழுகயில. அப்பல்லாம் பாதிப் பேருக்குப் படமே கெடையாது. போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு கெழடுக ஒதுங்கிரும். செத்த பெறகு நாற்காலியில சாத்தி, மால போட்டு, மக்கமாருக சுத்தி நின்னு எடுத்துக்கிடுவாக; அதுதான் அவுக ஆயுசுக்கே மொதப் படம். அதுக்கும் வழியில்லாமப் போனா, மகன் கடைக்கு வந்து தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பான். “ஆத்தா படம் ஒண்ணு வேணும். அண்ணாச்சி கல்யாணத்துல நின்னாப்புல ஞாபகம்.” மொதலாளி பொட்டியத் தெறப்பாரு. உறையில ஊரும் பேரும் வருசமும் எழுதியிருக்கதால ஒரு பீடி இழுத்து முடிக்குமுன்ன நெகட்டிவ் கைக்கு வந்துரும். கல்யாணக் கூட்டத்துல மூணாவது வரிசையில, யாரோ ஒருத்தி தோளுக்குப் பின்னால எட்டிப் பாத்துக்கிட்டு இருக்க ஆத்தா மொகத்த மட்டும் பெருசாக்கி, காதோரம் தெரியுற அடுத்தவ முந்தானைய அழிச்சு, பிரிண்டு போட்டுக் குடுப்பாரு. இன்னைக்கும் அந்த வீட்டுல குத்துவெளக்குக்கு முன்னால இருக்கது அந்த எட்டிப் பாத்த மொகந்தான். படம் எடுத்தது கேமரா. கண்டுபிடிச்சுக் குடுத்தது பென்சிலு.

உன் செல்லுக்குள்ள எத்தன ஆயிரம் படம் கெடக்கு? அதுல ஒருத்தியத் தேடிப் புடி பாப்போம். நீ தேச்சுத் தேச்சு விரல் ரேகை அழிஞ்சுபோகும். அப்பத்தான் உனக்கு நெசமாவே ‘ரேகைகள்’னு எழுதலாம்.

இருட்டறையப் பத்தி உனக்குச் சொன்னதில்லையே. செவப்புப் பல்பு மட்டும் எரியும்; பிரிண்டு போடுற காகிதத்துக்குச் செவப்பு வெளிச்சம் உறைக்காது. மருந்துத் தட்டுல வெள்ளக் காகிதத்தப் போட்டு லேசா ஆட்டுனா, மொதல்ல தலமயிரு வரும், அப்புறம் புருவம், கடைசியாத்தான் மொகம் தெளியும். பெறகு தண்ணி, பெறகு ஐப்போங்கிற மருந்து. ஐப்போ வாடை கையில ஏறுச்சுன்னா சோத்துலயும் மணக்கும். இன்னைக்கு நீங்க ‘பில்ட்டரு’ங்கீகளே, அது எங்ககிட்டயும் உண்டு. நெகட்டிவ்ல எல்லாம் தலகீழு. அங்க கறுப்பு வச்சா பிரிண்டுல வெளுப்பு விழும். மொதலாளி பென்சில ஊசி கணக்காச் சீவி, சாஞ்ச கண்ணாடிப் பலகையில நெகட்டிவ வச்சு, அம்மத் தழும்ப ஒண்ணொண்ணாப் பொட்டு வச்சு நிரப்புவாரு. மாப்பிள வீட்டுக்குப் போற படம்னா நேரம் கூட ஆகும். 1858-லயே மதுரைக்கு வந்து கோயிலையும் நாயக்கரு மகாலையும் படம் புடிச்ச லின்னியஸ் டிரைப்புன்னு ஒரு வெள்ளக்காரத் துரை, காகித நெகட்டிவ்ல கைவேலை பண்ணி வானத்துக்கு மேகம் போட்டுருக்காரு. நம்ம பக்கத்து வானத்துல என்னிக்கு மேகம் நின்னுச்சு? துரைக்கே பொறுக்கல. அதனால நீ பில்ட்டரு போடுறதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. தழும்ப மறைச்சுக்கோ. சேதிய மறைக்காத.

இப்ப உன் கூட்டத்துல யாராவது, ‘எங்க வீட்டச் சுத்தி எடுக்க என்ன இருக்கு, எல்லாம் தெனம் பாக்கதுதான’ன்னு சொன்னா, இதச் சொல்லு. ஒலகத்துல இன்னிக்கு வரைக்கும் தப்பிச்சுக் கெடக்க கேமராப் படத்துலயே பழசு, பிரான்சு தேசத்துல நியெப்ஸுங்கவரு 1826-லயோ 1827-லயோ எடுத்தது. எதப் படம் எடுத்தாரு? ராசாவையா, மாதா கோயிலையா? தன் வீட்டு மாடிச் சன்னலுக்கு வெளிய தெரிஞ்ச கூரையும் செவரும். வெள்ளீயக் கலவைத் தகட்டுல ஒரு வகைத் தாரப் பூசி வச்சிட்டு, கேமராவ எட்டு மணி நேரமாவது தெறந்தே வச்சிருந்தாருங்காக. அதுக்குள்ள சூரியன் கெழக்க இருந்து மேக்க போயிருச்சு. அதனால அந்தப் படத்துல ரெண்டு பக்கத்துச் செவத்துலயும் வெயிலு விழுந்திருக்கு. சன்னலு, கூரை, வெயிலு. நீ டம்ளருக்குப் பின்னால மங்கலா விட்டியே, அந்தச் சன்னலுக்கு வெளிய என்ன இருந்துச்சு தாயி? எதுத்த மாடியில யாராச்சும் துணி காயப் போட்டாகளா? தண்ணி லாரி நின்னுச்சா? உன் தனிமை அங்கனதான கெடந்திருக்கும்.

இன்னொரு படமும் உண்டு. 1838-ல, அதே பிரான்சுல, டாகேருங்கவரு பாரிசுத் தெருவ மேல இருந்து எடுத்தது. பகல் நேரம், வண்டியும் சனமுமா நெரிசலான தெரு. ஆனா படத்துல தெரு காலியாக் கெடக்கு. ஒரு படம் விழ அன்னைக்குச் சில நிமிசம் ஆகும். ஓடுறவன், நடக்கவன், குதிர வண்டி எதுவுமே விழாது. ஒருத்தன் மட்டும் விழுந்திருக்கான். தெரு ஓரத்துல ஒத்தக் காலத் தூக்கி வச்சு, பூட்சுக்குப் பாலிசு போட்டுக்கிட்டு நின்னவன். அசையாம நின்னதுனால தப்பிச்சான். கேமராவுல விழுந்த மொத மனுசங்கள்ல அவன்தான் முந்தினவன்னு சொல்லுதாக. பாலிசு போட்டவனும் கீழ மங்கலாத் தெரியுதான். ரெண்டு பேரு பேரும் யாருக்கும் தெரியாது. எத்தன படிச்சவுக அந்தப் படத்த உத்து உத்துப் பாத்தாச்சு. பேரு அதுல இல்ல. இருக்கவும் செய்யாது. படத்துக்குப் பேரு சொல்லத் தெரியாது தாயி. பக்கத்துல நின்னவன் எழுதி வச்சாத்தான் உண்டு. ‘காத்திருப்பு’ன்னு உங்களுக்குத் தலைப்பு வந்தப்ப, அந்த பூட்சுக்காரன விட்டா வேற ஆளு உண்டா? நீங்க காலிப் பெஞ்ச எடுத்தீக.

அவ்வளவு தூரம் எதுக்கு. நம்ம எட்டயபுரத்துல 1882-ல பொறந்த பாரதிக்கு, கெடச்ச அசல் படத்த விரல விட்டு எண்ணிப்புடலாம். ஒரு சாண் படம் கெடைக்காதான்னு எத்தன பேரு தேடியலைஞ்சாக. அந்த அஞ்சாறு படத்த வச்சுக்கிட்டு ஊரு ஊருக்குச் செல வச்சாச்சு. நீ போன மாசம் ஒரு தோசைக்கு எடுத்தது அதவிடக் கூட இருக்கும். தோசைய எடுக்க வேண்டாம்னு சொல்லல. யாரு ஊத்துனா, எதுக்கு ஓரம் கருகுச்சுன்னு சொல்லுன்னுதான் சொல்லுதேன்.

உங்க செல்லுக்குப் பாட்டன் ஒண்ணு இருந்துச்சே, தெரியுமா? 1975-ல கோடாக் கம்பெனியில ஒரு எஞ்சினியரு செஞ்ச பிலிமில்லாத கேமரா. ஏறக்குறைய நாலு கிலோ கனம். ஒரு படம் கேசட்டுல ஏற 23 செகண்டு. அதச் செஞ்ச கம்பெனியே பிலிம் வேவாரத்தக் கட்டிக்கிட்டு அழுது, 2012-ல திவாலாச்சு. கேமரா இளைச்சு இளைச்சு இப்ப உன் பாவாடைச் சேப்புக்குள்ள வந்துருச்சு. காத்திருக்க 23 செகண்டு மட்டும் எங்க போச்சோ! அத மறுபடி எடுத்துக்கோ. அமுக்குமுன்ன அந்த 23 செகண்டுக்கு ‘இது எதுக்கு’ன்னு கேட்டுக்கோ. பதில் வந்தா அமுக்கு. வரலன்னா காப்பியக் குடி.

சரி, நொட்ட மட்டும் சொன்னா எப்படி? ஒரு தலைப்ப எடுத்துப் பண்ணிக் காட்டுதேன். ‘சிவப்பு.’ மாசி பங்குனியில விளாத்திகுளம் பக்கம் போனா களத்துல வத்தல் காயும். மேல இருந்து எடுத்தா கம்பளம் விரிச்சாப்புல இருக்கும். கேலண்டருக்காரன் எல்லாம் அதத்தான் எடுக்கான். நீ கீழ எறங்கு. களத்து ஓரத்துல ஒரு பொம்பள குத்தவச்சு, வெளிறிப்போன வத்தல தனியாப் பெறக்கிக்கிட்டு இருப்பா. பழைய முழுக்கைச் சட்டையச் சேலைக்கு மேல போட்டிருப்பா, அவ வீட்டுக்காரரு சட்ட. கண்ணத் தேய்க்க மாட்டா, தேய்ச்சா அம்புட்டுத்தான். வேர்வைய மேக்கையில ஒத்திக்கிடுவா, உள்ளங்கை மொகத்துல படாது. சாயங்காலம் பிள்ளையத் தூக்குமுன்ன கையில எண்ணெய் தடவிக் கழுவிட்டுத்தான் தொடுவா. இதுல எது படத்துல விழும்? சட்டையும் மேக்கையும் விழும். பிள்ளையத் தொடாத கை விழாது. அத நீ எழுது. செவப்புன்னா என்னன்னு ரோசாப்பூக்காரிகளுக்கு அன்னைக்குத் தெரியும். தும்மலும் சேந்து வரும்.

அதுக்கு மின்னாடி ஒண்ணு. அவகிட்டப் போயிக் கேளு. “அக்கா, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?” பாதிப் பேரு “ஏ, நான் தலகூடச் சீவல”ன்னு மொகத்தத் திருப்புவாக. திருப்புனா விட்டுரு. சம்மதிச்சா, சீவிட்டு வரட்டும், சட்டையக் கழட்டிட்டு நல்ல சேலையில நிக்கணும்னாலும் நிக்கட்டும். ‘இயல்பு போயிருச்சே’ன்னு நீ மூக்கச் சிந்தாத. அது அவ மொகம். எப்படி இருக்கணும்னு அவளுக்கு ஒரு எண்ணம் இருக்கும். அவ சேலை மாத்திட்டு வந்ததையும் கீழ எழுது, அதுவும் சேதிதான். பெறகு ஒரு பிரிண்டு போட்டு அவ கையில குடு. நீ தூரமா நின்னு ‘சூம்’ போட்டுத் திருடி எடுத்து, ‘உழைப்பின் வண்ணம்’னு போட்டு இதயம் சம்பாரிச்சா, அதுல கூலி யாருக்கு?

எழுதுறதுக்கும் ரெண்டு வார்த்த. ‘வாழ்க்கை ஒரு’ன்னு தொடங்குற எந்த வரியையும் எழுதாத. வாழ்க்கை ஒரு பயணம், வாழ்க்கை ஒரு வானவில், வாழ்க்கை ஒரு காப்பிக் கோப்பை. ஏதாவது ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும், நமக்கெதுக்கு? நீ அந்த வாரம் என்ன வாங்குன, யாரு திட்டுனா, எது ஒழுகுச்சு, எவ ஊருக்குப் போயிட்டான்னு எழுது. அடுத்தவுக படத்துக்கு ‘அருமை’, ‘சூப்பர்’னு தட்டுறதையும் நிப்பாட்டு. கேள்வி கேளு. உங்க ஆச்சி கேட்டாளே டிக்காசனப் பத்தி, அந்த மாதிரி. கேள்வி விழாத படம் பாக்கப்படாத படம்.

பெறகு, மாசத்துக்கு ஒண்ணையாவது காகிதத்துல போடு. பின்னால பேனாவால ஊரு, பேரு, தேதி எழுது. பாக்கி இருந்தா ரெண்டு கோடு போட்டு எழுது.

என்னடா கெழவன் வாய்ச்சொல்லு வீரனா இருக்கானேன்னு நெனைக்காத. உங்க கூட்டத்துல என்னையும் சேத்துக்கிடுதாகளான்னு கேளு. வயசு வரம்பு எதுவும் இல்லைன்னா இந்த வாரத்துக்கு என் படம் ஒண்ண இத்தோட அனுப்பியிருக்கேன். பழைய தலைப்புத்தான், ‘காத்திருப்பு’. பிந்தி வந்தாலும் ஏத்துக்கிடச் சொல்லு. படத்துல இருக்கது நம்ம முன்வீட்டுச் செவத்துத் தினசரிக் காலண்டரு. அசங்காம எடுத்திருக்கேன், வெளிச்சம் எடது பக்கமிருந்து, பில்ட்டரு கெடையாது. கீழ எழுத வேண்டியது இது, ஒரு எழுத்து மாத்தாமப் போடு:

‘செவப்பு மையால வட்டம் போட்ட தேதி, என் மகன் ஓடு மாத்திக் குடுக்க வாரேன்னு சொன்ன தேதி. ஆடியில சொன்னான். ஆவணி கடைசி ஆச்சு, அந்தத் தாள இன்னும் கிழிக்கல. அடுப்படிக்கு மேல பதினோரு ஓடு ஒடஞ்சிருக்கு. ஐப்பசி மழைக்கு அவன் அம்மா அண்டாவ எங்க வைக்கணும்னு இப்பவே எடம் பாத்து வச்சிருக்கா.’

சேக்காளிக கூட்டத்துல போட்டுட்டு, அப்படியே உங்கப்பன் இருக்க சொந்தக்காரக் கூட்டத்துலயும் ஒண்ணு போட்டுரு தாயி. இதயம் எல்லாம் வேண்டாம்னு சொல்லிரு. ஓடு வந்தாப் போதும்.